இருபத்தேழு, ஐம்பத்தாறு

எங்கள் அலுவலகத்துப் பிரிண்டருக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தது நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு இப்போதெல்லாம் தெம்பு இல்லை.

சின்னசேலத்தில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற சாலையில் ஓர் உரக்கடை. அதன் பின்னால் இரண்டு அறை. அதுதான் செம்மலை சர்க்கரை ஆலையின் கரும்புக் கிளை அலுவலகம். அங்கே நான் பத்தொன்பது வருடமாகக் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். பத்தொன்பது வருடமும் ஒப்பந்தம்தான். ஒவ்வொரு பங்குனியிலும் புதுப்பிப்பார்கள். புதுப்பிக்கிற வரைக்கும் அலுவலகத்தில் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிக்கொண்டிருப்பேன். மற்ற பதினோரு மாதமும் கொஞ்சம் குரலை உயர்த்துவேன்.

வேலை இதுதான். விவசாயிகள் கரும்பு நட்ட தேதியை எங்களிடம் பதிவு செய்வார்கள். யார் முன்னால் நட்டார்களோ அவர்களுக்கு முன்னால் வெட்டு உத்தரவு. அந்தத் தாள் கையில் இல்லாமல் ஆலை வாசலில் கரும்பு டிராக்டரை உள்ளே விடமாட்டார்கள். தாள் நேரத்துக்கு வராவிட்டால் கரும்பு பூ விட்டு, நின்ற இடத்திலேயே காய்ந்து சக்கையாகிவிடும். ஒரு வருட உழைப்பு அந்த ஒரு தாளில் தொங்குகிறது. அந்தத் தாளை அடிப்பவள் நான்.

அடிக்கிற இயந்திரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து வருகிற பழைய புரோகிராம். எழுதிக்கொடுத்த சேலத்துக்காரர் துபாய் போய்ப் பல வருடம் ஆகிறது. கம்ப்யூட்டரின் முதுகில் இருபத்தைந்து ஓட்டையோடு அகலமாக ஒரு வாய் இருக்கும். அதிலிருந்து ஒரு தடித்த கேபிள், ரிப்பன்மேல் ஊசியால் குத்தி எழுத்து அடிக்கிற பிரிண்டருக்குப் போகும். இப்போது வருகிற கம்ப்யூட்டர்களில் அந்த வாயே கிடையாது. அதனால் இந்தக் கிழத்தைக் கோபக்கார மாமியாரைப் பார்த்துக்கொள்வதுபோலப் பக்குவமாகப் பார்த்துக்கொள்கிறோம்.

புரோகிராம் பிரிண்டருக்கு அனுப்புவதெல்லாம் வெறும் எண்கள். ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண். ஆனால் இருபத்தேழு என்ற எண் போனால், அடுத்து வருவது எழுத்தில்லை, கட்டளை என்று பிரிண்டர் புரிந்துகொள்ளும். அந்தக் கேபிள் ஒருவழிப்பாதையும் இல்லை. பிரிண்டரும் சில விஷயங்களைத் திருப்பிச் சொல்லும். அதில் முக்கியமானது, தாள் தீர்ந்துவிட்டது என்பது. அதைச் சொல்ல அந்தக் கேபிளுக்குள் தனியாக ஒரு கம்பியே இருக்கிறது.

சென்ற வருடம் அந்தக் கம்பிக்குப் பைத்தியம் பிடித்தது. தாள் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க உள்ளே நகத்தளவில் ஒரு நெம்புகோல் உண்டு. உரத்தூசு ஏறி அது மக்கர் செய்தது. தாள் கட்டுக்கட்டாக இருக்கும்போதே, தாள் இல்லை என்று மூன்று தாளுக்கு ஒருமுறை நின்றுவிடும். நான் எழுந்து போய் மூடியைத் திறந்து தட்டிவிட்டு வந்து உட்காருவேன். ஜன்னலுக்கு வெளியே நிற்கிறவர்கள், "இன்னா மேடம், மறுபடியும் நின்னுபோச்சா?" என்பார்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை. அந்தப் பாகம் இப்போது வருவதில்லை என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார். எனக்கு மூட்டுவலி வேறு.

ஒருநாள் சாப்பாட்டு வேளையில் பிரிண்டரின் புத்தகத்தைப் புரட்டினேன். இருபத்தேழு, ஐம்பத்தாறு. இந்த இரண்டு எண்ணையும் அனுப்பினால், தாள் இருக்கிறதா என்று பார்க்காமல் அடித்துக்கொண்டே போகும் என்று போட்டிருந்தது. புரோகிராமைத் திறந்து ஆரம்பத்தில் ஒரு வரி சேர்த்தேன். அன்றிலிருந்து சத்தம் இல்லை, தொந்தரவு இல்லை. கரும்பு அலுவலர் சிவசங்கர் சார் மகிழ்ந்துபோய் எல்லாருக்கும் பஜ்ஜி வாங்கிக்கொடுத்தார். அந்த பஜ்ஜியை நான்தான் இரண்டு கூடுதலாகத் தின்றேன்.

இந்த மாசியில் இருசப்பன் வந்தார். கல்வராயன் மலை அடிவாரத்தில் நொச்சிமேடு. சொந்த நிலம் இல்லை. இரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து முதல்முறையாகக் கரும்பு வைத்தவர்.

"மேடம், எனக்கு இன்னும் வெட்டு உத்தரவு வரலீங்க. எனக்குப் பின்னாடி நட்டவன்லாம் வெட்டிக்கினு இருக்கான்."

பதிவு எண்ணைத் தட்டினேன். 'வழங்கப்பட்டது. பிப்ரவரி 4' என்று பச்சையாக வந்தது.

"நாலாந்தேதியே குடுத்தாச்சே."

"யாருக்குங்க?"

"உங்களுக்குத்தான்."

"எனக்கு வரலீங்களே."

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது கிணறு வற்றிவிடும், அல்லது பெண்ணுக்குக் கல்யாணம் நெருங்கிவிடும். அவன் வரிசையில் முன்னால் இருக்கிறவனிடம் போய் எதையாவது கொடுத்து அவனுடைய வெட்டு உத்தரவை வாங்கிக்கொள்வான். அவன் பெயரில் இவன் கரும்பு ஆலைக்குப் போய்விடும். விற்றவன் பத்து நாள் கழித்துத் தலையைச் சொறிந்துகொண்டு வந்து, எனக்கு வரவே இல்லை என்பான். அப்படிப்பட்ட முகங்களை நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவேன் என்று எனக்கு ஒரு கர்வமும் இருந்தது.

"யாருக்கு வித்தீங்க?" என்றேன்.

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "விக்கலீங்க மேடம்" என்று மட்டும் சொன்னார். சத்தம் போடவில்லை. விற்றவன்தான் சத்தம் போடமாட்டான் என்று நான் முடிவு கட்டினேன்.

ஊர் ஊராகப் போய் உத்தரவைக் கொடுத்து, ரோஸ் நிற நகலில் கையெழுத்து வாங்கி வருகிறவர் பீல்டுமேன் செல்லமுத்து. அவரைக் கேட்டேன். "எங்கைக்கு வந்ததெல்லாம் குடுத்துட்டேன் மேடம். அந்த ஆளு நகல் பையில தேடணும். அவன் பேச்ச நம்பாதீங்க. பழைய குடிகாரன்" என்றார். பையில் தேடினோம். கிடைக்கவில்லை. ஒன்றிரண்டு நகல் தொலைவது எங்களுக்குப் புதிதில்லை. ஆலை எடைமேடைக் கணக்கு வந்தால் தெரிந்துவிடும், ஆனால் அது சீசன் முடிந்துதான் வரும். இன்னொரு உத்தரவு கொடுக்கலாமா என்றால் சிவசங்கர் சார் ஒப்பவில்லை. "ஒருத்தனுக்குக் குடுத்தா நாளைக்கு ஊரே வந்து நிக்கும்" என்றார். நானும் அதுதான் சரி என்றேன். இருசப்பன் நான்கு தடவை வந்தார். நான்காவது தடவை நான் தலையை நிமிர்த்தக்கூட இல்லை.

இருபத்திரண்டாம் தேதி மத்தியானம் ஒரு பெண் தனியாக வந்தாள். ஐம்பது வயது இருக்கும்.

"நான் ஆயம்மாள். நொச்சிமேட்டு இருசப்பன் பொண்டாட்டி."

"உத்தரவு குடுத்தாச்சும்மா. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"கரும்பப் பத்திக் கேக்க வரலம்மா. அது பூ வுட்டு நிக்குது. வெட்டு ஆளுங்களும் இந்த வாரம் போனா புளி உலுக்க மலையேறிடுவாங்க. அது போனா போவுது. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்த ஆளு வித்துட்டாரா?"

நான் மேஜைமேல் இருந்த தாள்களை அடுக்கத் தொடங்கினேன்.

"குடிய வுட்டு மூணு வருசம் ஆவுதும்மா. பொண்ணு தலைல கைய வச்சி சத்தியம் பண்ணாரு. இப்ப சீட்ட வித்துக் குடிச்சிட்டாருன்னு ஊரே பேசுது. நானும் எட்டு நாளா அந்த ஆளோட பேசறதில்ல. சோறு மட்டும் எடுத்து வக்கிறேன். நீங்க கம்ப்யூட்டர்ல பாத்து சொல்லுங்க. மனுசன் பொய் சொல்லுவான். அது சொல்லாதில்ல?"

"கொடுத்தாச்சுன்னுதான் காட்டுது" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் அதோடு மறந்திருப்பேன். அது சொல்லாதில்ல என்று அவள் கேட்டது மட்டும் பல்லில் சிக்கிய நார்போல உறுத்திக்கொண்டே இருந்தது.

மறுபடியும் நாலாந்தேதிப் பட்டியலை எடுத்தேன். முப்பத்தெட்டு உத்தரவு. இருசப்பன் முப்பத்தெட்டாவது, கடைசி. அன்றைக்கு என்ன செய்தேன் என்று யோசித்தேன். பட்டியலை ஓடவிட்டுவிட்டு, சின்னம்மா மருமகள் கமலாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். சத்தம் நின்றதும் தாள்களைக் கிழித்து எண்ணாமல் செல்லமுத்துவிடம் கொடுத்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் தாள் பெட்டி காலி. புதுப்பெட்டியை மாட்டி ஐந்தாம் தேதிப் பட்டியலை ஓடவிட்டேன்.

பெட்டி எப்போது காலியானது?

பையிலிருந்து ஐந்தாம் தேதியின் முதல் நகலைத் தேடி எடுத்தேன். எலவனாசூர்கோட்டைப் பக்கத்து வீரமுத்து என்பவருடையது. அந்த ரோஸ் நகல்தான் அடியில் இருக்கும், பிரிண்டரின் ரப்பர் உருளையைத் தொட்டுக்கொண்டு போகும். திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்க மை அப்பியிருந்தது. வெறும் அழுக்கு என்று யாரும் கவனிக்கமாட்டார்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். இடவலம் மாறிய எழுத்துகள் தாளின் முன்பக்கமிருந்து பார்த்தபோது நேராகத் தெரிந்தன. ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பியிருந்தாலும் பதிவு எண் 2317 தெளிவாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் 'இருச'.

முப்பத்தேழாவது உத்தரவோடு தாள் தீர்ந்துவிட்டது. தாள் இருக்கிறதா என்று பார்க்காதே என்று நான் சொல்லியிருந்தேன் அல்லவா? அது பார்க்கவில்லை. இருசப்பனின் உத்தரவை வெறும் ரப்பர் உருளைமேல் அடித்து, முடித்துவிட்டேன் என்று கம்ப்யூட்டரிடம் சொல்லிவிட்டது. கம்ப்யூட்டர் 'வழங்கப்பட்டது' என்று எழுதிக்கொண்டது. மறுநாள் அந்த மை வீரமுத்துவின் முதுகில் ஒட்டிக்கொண்டது.

பாவம் என்று எனக்கு முதலில் தோன்றவில்லை. பயம்தான் வந்தது. பங்குனி பிறக்க மூன்று வாரம்கூட இல்லை. சிவசங்கர் சார் நல்லவர்தான், ஆனால் ஆலைக்கு எழுதித்தான் ஆக வேண்டும். யார் அந்த வரியைச் சேர்த்தது என்று கேட்பார்கள். என் வீட்டுக்காரருக்கு உளுந்தூர்பேட்டை லாரி செட்டில் வேலை போய் ஆறு மாதம் ஆகிறது.

அதனால் ஒரு திருட்டு வேலை செய்தேன். இருசப்பன் பெயரில் இருந்த 'வழங்கப்பட்டது' என்பதை அழித்தேன். அன்றைய தேதி போட்டு ஒரே ஒரு உத்தரவை அடித்தேன். "அந்த நொச்சிமேட்டு ஆளு பாவம் சார். கரும்பு காயுது. இந்த ஒரு தடவை போட்டுடுங்க" என்று கையெழுத்துக் கட்டில் செருகினேன். அவர் பெருமூச்சு விட்டுப் போட்டார். மறுநாள் விடியற்காலையிலேயே செல்லமுத்து கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். அப்பாடா என்றிருந்தது. கரும்பும் பிழைத்தது, நானும் பிழைத்தேன் என்று நினைத்துக்கொண்டேன். அன்று வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன். அதை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது.

இரண்டு நாள் கழித்து ஆயம்மாள் மறுபடியும் வந்தாள். கையில் ஒரு பை வேர்க்கடலை.

"நேத்தே வெட்ட ஆரம்பிச்சிட்டாங்கம்மா. வித்தவருக்கே ரெண்டாவது சீட்டு குடுத்தீங்களே, அது யாருக்கு மனசு வரும்?"

"யாரு சொன்னது வித்தாருன்னு?"

"செல்லமுத்து சார்தான். மேடம் பாவம் பாத்து குடுத்திருக்காங்க, இனிமே வித்தா கிடையாதுன்னு தெருவுல வச்சி சொல்லிட்டுப் போனாரு." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவர மன்னிப்பு கேக்க இட்டுக்கினு வந்திருக்கேன். காலைல பொண்ண வுட்டுச் சொல்லி இழுத்துக்கினு வந்தேன். உள்ள வரக் கூச்சப்பட்டுக்கினு வண்டிகிட்டயே நிக்கிறாரு."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உரக்கடை ஓரத்தில் பழைய மொபெட். அதன் பக்கத்தில் இருசப்பன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். மன்னிப்புக் கேட்பதற்காகத் துவைத்துப் போட்ட சட்டை.

இதற்குமேல் ஒரு மனுஷி உட்கார்ந்திருக்க முடியாது. அந்த ரோஸ் தாளை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். பின்னாலேயே ஆயம்மாள் வந்தாள். ஜன்னலில் நின்ற நான்கைந்து பேரும் திரும்பினார்கள்.

என்னைப் பார்த்ததும் இருசப்பன் கையைக் கட்டிக்கொண்டார். "மன்னிச்சிக்குங்க மேடம். இனிமே அப்பிடி செய்யமாட்டேன்."

"எப்பிடி?"

அவர் மனைவியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"நீங்கதான் விக்கலன்னு சொன்னீங்களே. நாலு தடவ சொன்னீங்க."

"சொன்னேங்க." "எனக்கு ஞாபகம் இல்லீங்க மேடம். முன்ன குடிச்ச காலத்துல ராத்திரி செஞ்சது காலைல தெரியாது. வூட்டு அண்டாவ வித்திருக்கேன், இல்லவே இல்லன்னு சத்தியம் பண்ணியிருக்கேன். அப்புறம் பாத்தா நான்தான் வித்திருப்பேன். இப்ப நீங்க சொல்றீங்க, சார் சொல்றாரு, எம் பொண்டாட்டியும் சொல்லுது. கம்ப்யூட்டரே சொல்லுது. இத்தினி பேரா பொய் சொல்லுவாங்க? குடிச்சிருப்பேன் போலன்னு நெனச்சிக்கினேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். தாள் தீர்ந்தது, உருளைமேல் அடித்தது, நான் சேர்த்த வரி, திருட்டுத்தனமாக அடித்த இரண்டாவது உத்தரவு, எல்லாம். ஜன்னலுக்கு உள்ளே சிவசங்கர் சார் நாற்காலியை நகர்த்துகிற சத்தம் கேட்டது. நிறுத்தவில்லை. தாளை வெயிலுக்கு எதிரே பிடித்துக் காட்டினேன். இருசப்பன் கிட்டே வந்து பார்த்தார். 2317 என்று விரலால் தடவினார்.

"அப்ப நான் குடிக்கலீங்களா, மேடம்?" என்றார்.

"இல்ல. நீங்க குடிக்கல. விக்கல."

ஆயம்மாள் அங்கேயே உரமூட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். பத்து நாளாக அவரோடு பேசாதவள், இப்போதும் அவரோடு பேசவில்லை. என்னைத்தான் திட்டினாள். "படிச்சவதானடி நீ? எண்ணிப் பாத்துக் குடுக்கறதுக்கு இன்னா கேடு?" என்றாள். நல்ல கேள்வி. நான் தலையைக் குனிந்துகொண்டேன். இருசப்பன்தான், "வுடு, வுடு, மேடம்தான் சொல்லிட்டாங்களே" என்று அவள் கையைப் பிடித்துத் தூக்கினார். அவள் உதறவில்லை. போகும்போது அந்தத் தாளைத் தரமுடியுமா என்று கேட்டார். அது அலுவலக நகல், வீரமுத்துவின் கையெழுத்து உள்ளது, கொடுக்கக் கூடாது. கொடுத்தேன். அவர் அதை நாலாக மடித்து வெள்ளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

உள்ளே வந்ததும் சிவசங்கர் சார், "இத எங்கிட்ட மட்டும் சொல்லியிருக்கலாமில்ல, மணிமொழி?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு எவ்வளவு களைப்போ அவருக்கும் அவ்வளவு களைப்பு. நான் நடந்ததை ஒரு பக்கத்துக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டு மேஜைமேல் வைத்தேன். அவர் அதன்மேல் பேப்பர் வெயிட்டை வைத்தார். அனுப்புவாரா, அப்படியே வைத்திருப்பாரா, தெரியாது. பங்குனியில் தெரியும்.

பிறகு புரோகிராமைத் திறந்து அந்த வரியைத் தேடினேன். ஐம்பத்தாறை அழித்து ஐம்பத்தேழு என்று அடித்தேன். தாள் இருக்கிறதா என்று மறுபடியும் பார் என்பதற்கு அதுதான் எண். அன்றைய பட்டியலை ஓடவிட்டேன். மூன்றாவது தாளில் பிரிண்டர் நின்று, தாள் இல்லை என்று கத்தியது.

"இன்னா மேடம், மறுபடியும் நின்னுபோச்சா?" என்று ஜன்னலில் இருந்து ஒருவர் கேட்டார்.

"ஆமா, நிக்கும்" என்றேன். முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய் மூடியைத் திறந்து பார்த்தேன். தாள் இருந்தது. மூடிவிட்டு வந்து, அடித்த மூன்றையும் எண்ணி வைத்தேன்.